கண்ணாடியும் கார்முகிலும்

பழம்பெரும் புகழ் வாய்ந்தது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. நாமக்கல் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அம்மலையின்மேல் வாழும் மக்கள் தம் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்று வழங்குவர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, எடப்புளி நாடு என்பன அவற்றுட் சில. ஈண்டு நாடு என்பது அரசர் ஆண்ட பெருநிலப் பரப்பன்று. அருகருகே அமைந்த சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு பகுதியே ஆகும். அந்நாடுகள் இன்று ஊராட்சிகளாக விளங்குகின்றன. மிளகும் காப்பியும், வாழையும் பலாவும், அன்னாசியும் அங்கு விளைகின்றன. விளைந்தவற்றைச் சமவெளிக்குக் கொணரவும், மேற்படிப்புக்கும் மருத்துவத்துக்கும் நகரம் செல்லவும் அம்மக்களுக்கு மலைப்பாதையே வழி.

அப்பாதை காரவள்ளி என்னும் அடிவாரத்து ஊரிலிருந்து ஏறுகிறது. அதில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மகளிர் கூந்தலிற் செருகும் ஊசி எவ்வாறு சென்ற வழியே திரும்பி மடங்குகின்றதோ, அவ்வாறே பாதையும் மடங்கி மடங்கி மேலேறுகின்றது. இத்தகைய வளைவில் வண்டியைத் திருப்பும் ஓட்டுநர் முன்புறக் கண்ணாடியை மட்டும் நோக்கினாற் போதாது. மேலிருந்து இறங்கி வரும் வண்டி முன்னே தோன்றுவதில்லை. பக்கத்திலேயே, தலைக்கு மேலேயே தோன்றும். வலப்புறம் திரும்பும் வளைவில் தம் வலப்பக்கக் கண்ணாடி வழியாக மேற்பாதையை அண்ணாந்து பார்க்க வேண்டும். இடப்புறம் திரும்பும் வளைவிலோ, அருகில் அமர்ந்திருப்பவரையும் கடந்து, அவர் பக்கத்துக் கண்ணாடி வழியாகவே பார்த்தல் வேண்டும். சமவெளிச் சாலையில் பக்கக் கண்ணாடி மங்கினால் வேடிக்கை பார்ப்பவர்க்கு மட்டுமே இழப்பு. மலைப்பாதையில் அது மங்குமாயின், எதிரே வருவது பேருந்தா, வெற்று வெளியா என்பது வளைவின் நடுவே சென்ற பின்னரே தெரியவரும்.

மழைக்காலத்தில் வண்டிக் கண்ணாடியை இரு திரைகள் மறைக்கின்றன. ஒன்று வெளிப்புறத்தே விழும் மழைநீர். மற்றொன்று உட்புறத்தே படியும் ஆவி. இவை இரண்டும் வெவ்வேறு. இவற்றை நீக்கும் வழிகளும் வெவ்வேறு. இவ்வேறுபாட்டை அறியாதார் உள்ளே ஆவி படிந்திருக்க, வெளியே துடைப்பானை விரைவாக ஓட விடுவர். எதிர்வீட்டுத் திண்ணையைப் பெருக்கிவிட்டுத் தம் வீடு தூய்மையாகவில்லையே என்று வருந்துவதை ஒக்கும் அச்செயல்.

'கார்' என்னும் சொல்லைப் பற்றி ஒரு சொல் கூற விரும்புகிறேன். இன்று சிறுவரும் அறிந்த கார் ஆங்கிலச் சொல். ஆயினும் தமிழில் கார் என்பது கருமை, முகில், மழை எனப் பல பொருள் தரும் பழஞ்சொல்லாகும். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் எனப்பட்டன. ஆகவே கொல்லிமலையில் காருக்குள் கார் புகுகிறது என்று சொன்னால் தமிழ் ஆசிரியர் மகிழ்வர், ஓட்டுநர் மகிழார்.

இனி, உள்ளே படியும் ஆவி எங்கிருந்து வருகின்றது என்பதைக் காண்போம். குளிர்ந்த நீர் நிறைந்த பித்தளைச் செம்பின் வெளிப்புறத்தே சிறிது நேரத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள் அரும்புவதை நீவிர் கண்டிருப்பீர்கள். செம்பு ஒழுகுவதில்லை. சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குப் புலனாகாமற் கலந்திருந்த நீராவியே அங்குத் துளியாயிற்று. காற்றானது நீராவியைத் தாங்கும் அளவு அதன் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமுக்குச் சற்று மிகுதியாகவும், 10 பாகையில் ஒன்பதரைக் கிராம் அளவிலும் தாங்கும். அதற்கு மேற்பட்டது நீராக வெளிப்பட்டே தீர வேண்டும். எந்த வெப்பநிலையில் அவ்வாறு வெளிப்படத் தொடங்குகின்றதோ, அதனைப் பனிநிலை என்பர் அறிவியலார். செம்பின் புறப்பரப்பு அறையின் பனிநிலையைவிடக் குளிர்ந்திருப்பதே அது வேர்ப்பதற்குக் காரணம். வண்டிக் கண்ணாடியும் அவ்வாறே வேர்க்கின்றது.

மலையேறுந்தோறும் காற்றுக் குளிர்கின்றது. பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் ஆறரைப் பாகை குறையும் என்பது கணக்கு. மழைத்துளிகளும் எதிர்காற்றும் சேர்ந்து கண்ணாடியை வெளிக்காற்றின் அளவுக்குக் குளிரச் செய்கின்றன. வண்டிக்குள் இருப்போரோ வெப்பத்தையும் ஈரத்தையும் ஓயாது வெளியிடுகின்றனர். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீரை ஆவியாக வெளியிடுவார். ஐவர் அமர்ந்த காரின் உட்புறம் 3 கன மீட்டர் என்று கொள்வோம். கண்ணாடி 20 பாகையில் இருப்பின், அங்குப் படியாமல் நிற்கக்கூடிய ஈரம் மொத்தம் 52 கிராமே. ஐவர் மூச்சும் ஒரு மணிக்கு 150 கிராம் தருகின்றது. ஆகவே வண்டியினுள் தொடக்கத்தில் சிறிதும் ஈரமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாச் சாளரங்களையும் அடைத்துவிட்டால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கண்ணாடி வேர்க்கத் தொடங்கும். உண்மையில் ஈரமின்றித் தொடங்குவது மழைநாளில் நடவாத ஒன்று. நனைந்த குடையும், காலணியும், தரைவிரிப்பும் தத்தம் பங்கைத் தரும். வளைவுகளின் எண்ணிக்கை பத்தை எட்டுமுன் திரை விழுந்துவிடும்.

பேருந்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஐம்பது பேர் அமர்ந்து செல்லும் வண்டியில் மூச்சும் வியர்வையும் மட்டுமே ஒரு மணிக்கு ஒன்றரை லிட்டர் நீரை ஆவியாக்கிவிடும். ஐப்பசித் திங்களின் அடைமழையில் சாரல் அடிக்கின்றது என்று பயணிகள் பக்கத்துச் சாளரங்களை எல்லாம் இறக்கி மூடுவர். அது அவர்க்கு நலமே. ஆயினும் வெளியேற வழியற்ற அவ்வீரம் முழுதும் குளிர்ந்த பெரிய பரப்பைத் தேடிச் செல்லும். வண்டியிலேயே பெரிய கண்ணாடி ஓட்டுநர் முன்னே உள்ளது. பின்னிருக்கையில் ஒருவர் சாளரத்தை இரு விரற்கடை திறந்து வைத்துச் சிறிது நனைவாராயின், அவர் ஓட்டுநருக்குச் செய்யும் உதவி பெரிது. அதனை அவர் அறிந்திருத்தலும் அரிது. பக்கத்திலிருப்பவர் பொறுத்தலும் அரிது.

ஆவி படிந்தவுடன் கையால் துடைத்தல் பலர் வழக்கம். கையின் எண்ணெய்ப் பசை கண்ணாடியிற் படிந்து, அடுத்த முறை துளிகள் ஒட்டுவதற்கு இடமளிக்கும். இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி அப்பசையிற் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். தூய உலர்ந்த பருத்தித் துணி கையினும் நன்று. எனினும் துடைத்தல் விளைவை நீக்குமே அன்றிக் காரணத்தை நீக்காது; இரண்டு வளைவு கடப்பதற்குள் மீண்டும் மூடும். எழுபது வளைவிலும் ஒரு கையால் துடைத்துக்கொண்டு மறு கையால் ஓட்டுதல் எவர்க்கும் தகாது.

காரணத்தை நீக்கும் வழிகள் மூன்று. கண்ணாடியை வெப்பமாக்கலாம், காற்றிலுள்ள ஈரத்தைக் குறைக்கலாம், ஈரக்காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை உள்ளே விடலாம். மூன்றாவது வழியே எளியது. ஆனால் ஒரு மாணவன் இங்கே தடை கூறலாம்: "வெளியே மழையும் மூடுபனியுமாக இருக்கின்றதே! அந்த ஈரக்காற்றை உள்ளே விட்டால் ஈரம் மிகாதோ?" நல்ல வினா. விடையைக் கணக்கே கூறும். வெளிக்காற்று 18 பாகையில், தாங்கும் அளவு முழுதும் ஈரத்தோடு உள்ளது என்று கொள்வோம். அதில் ஒரு கன மீட்டருக்குப் பதினைந்தரைக் கிராம் அளவே நீராவி உண்டு. அக்காற்றை எஞ்சினின் வெப்பத்தால் 35 பாகைக்குச் சூடாக்கினால், அது ஏறத்தாழ 40 கிராம் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடும். ஈரம் கூடவில்லை, ஈரத்தை ஏற்கும் இடம் கூடிவிட்டது. எனவே மழைநாளின் நனைந்த காற்றே, சூடேறியபின் தாகமுற்ற காற்றாகிக் கண்ணாடியின் துளிகளைப் பருகிவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைக்கொண்டு காற்றைச் சூடாக்கி, முன்கண்ணாடியின் அடிப்புறத் துளைகள் வழியாக மேல்நோக்கி வீசச் செய்யும் அமைப்பு இன்றைய கார்களுள் பலவற்றில் உண்டு.

குளிர்சாதனம் உள்ள வண்டியில் அதனையும் இயக்குதல் வேண்டும். குளிரும் மலையில் குளிர்சாதனம் எதற்கு என்று பலர் அதனை நிறுத்திவிடுகின்றனர். இது தவறான எண்ணம். குளிர்சாதனத்தின் தலையாய பணிகளுள் ஒன்று காற்றை உலர்த்துதல். அதன் உள்ளிருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருள் வழியே செல்லும் காற்று, 5 பாகை வரை குளிருமாயின், ஒரு கன மீட்டருக்கு ஏழு கிராமுக்கும் குறைவான ஈரத்தையே உடன்கொண்டு செல்ல இயலும். எஞ்சியது நீராகி வண்டியின் அடியில் சொட்டுகின்றது. கோடையில் நிறுத்திய காரின் கீழே தரை நனைந்திருப்பது இதனாலேதான். இவ்வாறு உலர்ந்த காற்றைப் பின்னர்ச் சூடாக்கிக் கண்ணாடி மேல் செலுத்துவதே யாவற்றினும் விரைவான வழி. அவ்வமயம் உட்காற்றையே சுழலவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும் வழியைத் திறந்து வைத்தல் வேண்டும். சமவெளியின் புழுதிக்கும் புகைக்கும் அஞ்சி உட்சுழற்சியில் வைத்ததை மறந்து, அவ்வாறே மலையேறுவோர் பலர். பின்கண்ணாடியில் நெருக்கமாகக் கோடுகள் ஓடுவதைச் சில கார்களிற் காணலாம். அவை அழகுக்காக வரைந்தவை அல்ல. மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் இழைகள். அவை கண்ணாடியை நேரே வெப்பமாக்கி ஆவியைப் போக்குகின்றன.

இவ்வசதிகள் எவையும் இல்லாத பழைய வண்டிக்கு என் செய்வது? அதற்குமுன் ஒன்றை ஆராய வேண்டும். தண்ணீர் ஒளி ஊடுருவும் பொருளாயிற்றே. தெளிந்த ஓடையின் அடியில் கிடக்கும் கூழாங்கல் நன்கு தெரிகின்றதே. அங்ஙனமிருக்கக் கண்ணாடியிற் படிந்த சிறிதளவு நீர் பார்வையை மறைப்பது ஏன்? கற்கண்டை நோக்குங்கள்; ஒளி ஊடுருவும். அதனையே இடித்துப் பொடியாக்கினால் வெண்மையாகி ஒளியை மறைக்கும். பொருள் மாறவில்லை; எண்ணற்ற சிறு பரப்புகளாகச் சிதறியதால் ஒளியும் சிதறுகின்றது. கண்ணாடியில் படியும் நீரும் தனித்தனி நுண்துளிகளாக நிற்பதாலேயே மறைக்கின்றது. அது மெல்லிய தாள்போலப் பரந்து நின்றால் மறைக்காது. இராலே என்னும் ஆங்கில அறிவியலறிஞர் 1911ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதினார். கண்ணாடிப் பலகையின் மீது ஊதுகுழல் நெருப்பை ஒருமுறை ஓட்டிவிட்டுப் பின் மூச்சை ஊதினால், நெருப்புச் சென்ற தடத்தில் மட்டும் மூச்சு துளியாகாமல் மெல்லிய படலமாகப் படிகின்றது. சுடரின் வெப்பத்தால் அவ்விடம் மாசு நீங்கித் தூய்மையுற்றதே அதற்குக் காரணம். மாசற்ற கண்ணாடி நீரைத் தன்மேல் பரவவிடும். எண்ணெய்ப் பசையுள்ள கண்ணாடி அதனைத் துளிகளாக்கும்.

வண்டிக் கண்ணாடியில் நெருப்பைக் காட்டலாகாது. அதனினும் எளிய பொருள் சவர்க்காரம். அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, துளிகளாக உருளவிடாமல் பரவச் செய்கின்றது. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியின் ஒரு பாதியில் சவர்க்காரத்தை மெல்லத் தடவி, உலர்ந்த துணியால் தடம் தெரியாதவாறு தேய்த்துவிட்டுப் பின் முழுக்கண்ணாடியின்மேலும் மூச்சை ஊதிப் பாருங்கள். ஒரு பாதி வெளுக்கும். மறு பாதியில் உம் முகம் தெரியும். பயணத்துக்கு முன் வண்டியின் உட்கண்ணாடிகளை நன்கு துடைத்து இவ்வாறு செய்தால் சில மணி நேரம் பயன் தரும். சவர்க்காரத்தை மிகுதியாகப் பூசினால் அதுவே ஒரு திரையாகிவிடும். பக்கக் கண்ணாடிகளை மறந்துவிட்டு முன்கண்ணாடிக்கு மட்டும் செய்தலும் பயனற்றது. வளைவில் எக்கண்ணாடி தேவை என்பதை முன்னரே கண்டோம்.

வெளியே விழும் மழைக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் நியூயார்க்கு நகருக்குச் சென்றார். அங்கே டிராம் வண்டியின் ஓட்டுநர், பனியும் மழையும் கலந்து கண்ணாடியை மறைத்தமையால், அதனைத் திறந்துவிட்டுக் குளிரில் நடுங்கியவாறே வண்டியை ஓட்டக் கண்டார். உள்ளிருந்தே கையால் ஒரு கோலை அசைத்து வெளியே கண்ணாடியைத் துடைக்கும் பொறி ஒன்றை எண்ணிக் கண்டு, 1903ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அதற்கு உரிமம் பெற்றார். அதனை விலைக்கு வாங்க முன்வருவார் இலர். விற்று ஊதியம் தராது என்று ஒரு நிறுவனம் மறுத்தும் எழுதிற்று. 1920இல் உரிமக் காலம் முடிந்தது. அவருக்கு ஒரு காசும் கிட்டவில்லை. அவர் எண்ணிய பொறியோ இன்று உலகின் எல்லாச் சாலைகளிலும் அசைந்துகொண்டிருக்கின்றது. விட்டு விட்டுத் துடைக்கும் அமைப்பை இராபர்ட்டு கேர்ன்சு என்பார் 1960களில் உருவாக்கினார். நம் கண்ணிமை இடைவிட்டு இமைப்பதே அதற்கு அவர் கொண்ட மாதிரி. தூறலுக்கும் மலைச்சாரலுக்கும் அதுவே ஏற்றது.

துடைப்பானை ஓட்டுநர் 'வைப்பர்' என்பர். அதன் உயிர் அதன் விளிம்பிலுள்ள இரப்பர். நாமக்கல் பகுதி லாரிகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே சித்திரை வைகாசி வெயிலில் நின்ற வண்டியின் இரப்பர் இறுகி, வெடித்து, வளைந்துபோகும். கோடையில் அதனை எவரும் நோக்குவதில்லை. முதல் மழையன்று இயக்கும்போது அது நீரைத் துடையாமல் கோடு கோடாக இழுத்துவிட்டுச் செல்லும். ஆகவே மழைக்கு முன்னரே புதிய இரப்பரை மாற்றுதல் அறிவுடைமை. புழுதி படிந்த உலர்ந்த கண்ணாடியில் துடைப்பானை ஓட்டவும் கூடாது. மணல் கண்ணாடியைக் கீறும். கீறல்கள் பகலில் தெரியா. இரவில் எதிரொளி பட்டு மின்னும். துடைப்பான் பழுதுற்ற காலத்தில் புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்துச் சமாளிக்கும் வழக்கமும் ஓட்டுநரிடையே உண்டு. சவர்க்காரம் போலவே அதுவும் நீரைப் பரவச் செய்யும் சூழ்ச்சியே. புகையிலைக்கு நான் அறிந்த நற்பயன் இது ஒன்றே!

இதற்கு நேர்மாறான வழியும் ஒன்றுண்டு. நீரைப் பரவச் செய்யாமல் முற்றும் ஒட்டாதவாறு விலக்குதல் அது. 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று நாம் நாள்தோறும் கூறுகிறோம். அவ்விலையில் நீர் ஒட்டாமைக்குக் காரணம், அதன் பரப்பில் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுப் படிகங்களும் இருப்பதே என்று செருமானிய நாட்டுத் தாவரவியலறிஞர் பார்த்லாட்டும் நைன்குயிசும் 1997இல் விளக்கினர். இந்நாளில் கடைகளில் விற்கும் மழைவிலக்குப் பூச்சுகளும் கண்ணாடியில் நீர் ஒட்டாவண்ணம் செய்து துளிகளை உருண்டோடச் செய்வன. நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் காரில் எதிர்காற்று அத்துளிகளை மேல்நோக்கித் தள்ளிவிடும். துடைப்பானே தேவையில்லை போலத் தோன்றும். கொல்லிமலைப் பாதையில் வண்டி ஊர்ந்தல்லவோ ஏறுகின்றது? தள்ளுதற்குக் காற்றில்லை. துளிகள் முழு உருண்டையாக அங்கேயே நின்று ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லையாகிக் காட்சியைத் தலைகீழாகக் காட்டும். விலை மிகுந்த பூச்சைவிட நல்ல இரப்பரே மலைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

சமவெளியிலும் கடற்கரை நகரங்களிலும் சில வேளை ஆவி கண்ணாடியின் வெளிப்புறத்தே படிவதுண்டு. சென்னையில் புழுக்கம் மிகுந்த இரவில் குளிர்சாதனத்தை மிகுதியாக வைத்தால், உட்குளிர் கண்ணாடியைக் குளிரச் செய்கின்றது. வெளியிலுள்ள ஈரக்காற்று அதன்மேல் துளியாகின்றது. அந்நிலையில் உள்ளே எவ்வளவு துடைத்தும் பயனில்லை. துடைப்பானை ஒருமுறை இயக்கிக் குளிர்ச்சியைக் குறைத்தல் போதும். ஐயம் நேர்ந்தால் ஒரு விரலால் உட்புறத்தைத் தொட்டுப் பார்க்கலாம். விரல் நனைந்தால் பகை உள்ளே, நனையாவிடின் வெளியே.

கண்ணாடி தெளிவாக இருந்தும் பாதையே மூடுபனியில் மறையும் நேரமும் மலையில் உண்டு. அப்போது தொலைவொளி விளக்கை ஏற்றினால் பனித்துளிகள் அவ்வொளியை ஓட்டுநர் கண்ணுக்கே திருப்பியடிக்கும். தாழ்ந்த ஒளியே ஏற்றது. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் மலைப்பாதைக்குரிய விதி. அவ்விதியைப் போற்றுதற்கும் ஏறி வருவது தெரிய வேண்டும் அன்றோ?

மலைமேல் இரவு தங்கியவர் மழையில்லாத விடியலில் தம் வண்டி முழுதும் நனைந்திருக்கக் கண்டு வியப்பர். இது பனிநீர். தெளிந்த இரவில் கண்ணாடி தன் வெப்பத்தைத் திறந்த வானத்தை நோக்கி வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றது. வெல்சு என்னும் மருத்துவர் இலண்டன் நகருக்கு அருகே இரவுதோறும் சிறு கம்பளிக் கற்றைகளைத் தோட்டத்தில் வைத்து, விடியலில் அவற்றை எடைபோட்டு இதனை ஆராய்ந்து, 1814இல் நூலாக வெளியிட்டார். வானம் மறைக்கப்பட்ட இடத்தில் பனிநீர் குறைவாகவே படியும் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. எடப்புளி நாட்டில் பலாமரங்களுக்குக் குறைவில்லை. அவற்றின் அடியில் நிறுத்திய வண்டியின் கண்ணாடி விடியலில் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். பறவைகள் இட்ட எச்சத்தை மட்டும் துடைத்துவிட்டுப் புறப்படலாம்.